உப்பு கசிந்த வழி

ஏப்ரல் 3

சின்ன எலிக்கு,

உன் அக்கா போய்விட்ட செய்தி எனக்கு வந்த நேரம் பிற்பகல் மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம். நீ முதலில் அழைத்தது இரண்டு பத்துக்கு. நடுவில் இருந்த நேரம் முழுக்க என் போன் பம்பு ஹால் வாசலில், இரும்பு அலமாரிக்குள், என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நான் காதுமூடி போட்டுக்கொண்டு ஒரு பம்பின் அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஆலையில் விதி. போனைப் பார்த்துக்கொண்டே நடந்த ஒருவர் விழுந்து தோளை உடைத்துக்கொண்ட பிறகு வந்த விதி.

"ஏன் எடுக்கல, சொல்லுங்க, ஏன் எடுக்கல" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். மூன்று மாதம் கழித்து இதுதான் பதில்.

போனில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. இப்போது போன் எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தூங்கும்போதும் நெஞ்சின் மேல்தான். ஆனால் அது அடித்தால் கை போகமாட்டேன் என்கிறது. உன் பெயரோ அத்தையின் பெயரோ தெரிந்தால் நின்றுபோகும் வரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் கடிதம்.

நானும் அன்று ஒன்று கேட்டேன். "ரெண்டு நாளா வெறும் தண்ணியா குடுத்தீங்க?" அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். குடலின் சுவரில் இருக்கிற செல்களில் சின்னச் சின்ன கதவுகள் உண்டு. சோடியம் வெளியிலிருந்து உள்ளே போகத் தனியாக வந்தால் அந்தக் கதவு திறக்காது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், சேர்ந்து வந்தால்தான் திறக்கும். உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால் தண்ணீர் அதன் பின்னால் தானாகப் போகும். வயிற்றுப்போக்கு எவ்வளவு மோசமானாலும் அந்தக் கதவு மட்டும் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்குமாம். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

எனக்கு மூன்று விஷயம் தெரியவேண்டும். அத்தை வீட்டில் இருந்த அந்த இரண்டு நாளில் உன் அக்கா எவ்வளவு தண்ணீர் குடித்தாள்? வாந்தியில் எவ்வளவு போனது? உப்பு ஏதாவது உள்ளே போனதா?

நீ எழுதாவிட்டால் அத்தையிடம் கேட்பேன்.

மாமா

*

ஏப்ரல் 11

மாமாவுக்கு,

எனக்கு உங்களை மாதிரி புஸ்தகத் தமிழ்ல எழுத வராது. பேசுறபடியே எழுதுறேன். கிரேன் மேல மதிய இடைவேளையில உக்காந்து எழுதுறேன், அதனால கையெழுத்து ஆடும். காத்து அடிச்சா டவரே ஆடுது, எழுத்து ஆடாதா?

மூணு மாசம் கழிச்சு ஒரு மனுஷன் கடிதம் போடுறார். அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் எப்படி இருக்கேன்னு கிடையாது. எவ்வளவு தண்ணி, எவ்வளவு வாந்தி. அக்கா உங்களுக்கு ஒரு தொட்டியா? மேல ஒரு குழாய், கீழ ஒரு குழாய், நடுவுல எங்க கணக்கு இடிக்குதுன்னு பாக்குறீங்களா?

சரி, கேட்டுக்கோங்க. தண்ணி கேட்டப்ப எல்லாம் குடுத்தோம். காய்ச்சி ஆற வெச்சுத்தான் குடுத்தோம். மெடிக்கல்ல உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் வாங்கிட்டு வந்து கலக்கிக் குடுத்தேன். அதையும் குடிச்சா. பாதியை வாந்தி எடுத்தா, பாதி உள்ள போச்சு. வராந்தாவுல நீங்க கேட்டப்ப இதைச் சொல்ல என்னை விட்டீங்களா? "வெறும் தண்ணியா"ன்னு ஒரே வார்த்தை. சுத்தி நின்ன எல்லாரும் என்னையும் அம்மாவையும் திரும்பிப் பாத்தாங்க. அம்மா அன்னையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணியை யாருக்கும் கையால குடுக்குறதில்ல. மேசையில வெச்சுட்டுப் போயிடுறாங்க. தெரியுமா உங்களுக்கு?

பாக்கெட் குடுத்தோம். அப்பவும் செத்துட்டா. இப்ப உங்க கதவுக் கதையை என்ன பண்ணப் போறீங்க?

இன்னொண்ணு. ஆட்டோவுல கூட்டிட்டுப் போறப்ப அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. அதுக்குத்தான் அத்தனை தடவை அடிச்சேன். அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க எடுத்திருந்தா கேட்டிருக்கலாம்.

இதுக்கு மேல எழுத முடியல. விரல் மரத்துப் போகுது. மேல குளிரு.

இனிமே எழுதாதீங்க.

(பேர் போட வேண்டாம், உங்களுக்குத் தெரியும்)

*

ஏப்ரல் 24

சின்ன எலிக்கு,

எழுதாதே என்றாய். எழுதவேண்டியதாகிவிட்டது. கிழித்துப் போடுவதானால் கடைசிப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுக் கிழி.

பாக்கெட் கொடுத்தீர்கள் என்று படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். ஆலையைச் சுற்றி, கடல் தண்ணீர் உள்ளே வருகிற வாய்க்காலிலிருந்து குடிதண்ணீர்த் தொட்டி வரை, திரும்பவும். காவலாளி, "சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

பாக்கெட் உள்ளே போயிருக்கிறது. பாதி தங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் ஒன்று புள்ளி ஒன்பது. குறைந்தது மூன்றரை இருக்கவேண்டும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில், அதுவும் மருந்துப் பொடி குடித்த ஒருத்திக்கு, இவ்வளவு இறங்காது. இதை நான் மூன்று மாதம் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஆலையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். தொட்டியில் மட்டம் இறங்கினால் உள்ளே வருகிற குழாயைப் போய்ப் பார்ப்பார்கள். வால்வைத் திருகுவார்கள், வடிகட்டியைக் கழற்றுவார்கள். வெளியே போகிற பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஏனென்றால் அது கழிவு, அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. நான் பத்து வருஷமாக அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நானே வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிறுநீரக டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். வயதானவர் இல்லை, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நான் நோயாளி இல்லை, நோயாளி என் மனைவி, அவள் இப்போது இல்லை என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கேட்டார்.

"உப்பு நிறைய சாப்பிடுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். வீட்டில் அவளுக்குப் பேரே பெரிய எலி என்று சொன்னேன். உப்பு டப்பா காலியாகிக்கொண்டே இருக்கும், அத்தை ஒளித்து வைப்பார், இரண்டு பெண்களும் எங்கே வைத்தாலும் கண்டுபிடிப்பார்கள் என்று சொன்னேன். கல்யாணமான பிறகும் கல் உப்பை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்வாள். நான் ஆலைத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தால், "உங்க தண்ணிக்கு ருசியே இல்ல, உப்பையெல்லாம் என்ன பண்ணுனீங்க?" என்பாள்.

"கை கால் இழுத்துப் பிடிக்குமா? ராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போவாங்களா? ரத்த அழுத்தம் எப்பவும் கம்மியா?"

ஆமாம். ஆமாம். ஆமாம்.

குடலில் இருப்பது போலவே சிறுநீரகத்திலும் கதவுகள் உண்டு. வடிகட்டி வெளியே அனுப்பிய உப்பைத் திரும்ப உடம்புக்குள் இழுக்கிற கதவுகள். அதில் ஒரு வகைக் கதவு சிலருக்குப் பிறவியிலேயே சரியாக அமையாதாம். உப்பு கசிந்துகொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கப் போய் உடம்பு பொட்டாசியத்தை இழந்துகொண்டே இருக்கும். நிறையப் பேர் அது தெரியாமலேயே வாழ்ந்துவிடுகிறார்கள். ஒரு மோசமான வாந்தியும் போக்கும் வந்தால், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற பொட்டாசியம் சட்டென்று இறங்கிவிடும். அபூர்வமாக இதயம் நின்றுவிடும்.

"உறுதியா சொல்ல முடியுமா, டாக்டர்?"

"போனவங்களைச் சோதிக்க முடியாது. இருக்குறவங்களைச் சோதிக்கலாம். கூடப் பிறந்தவங்க உண்டா?"

கடைசிப் பக்கம் இதுதான். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் வரும். உனக்கு அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. விரல் மரத்துப் போகிறது, மேலே குளிர் என்று எழுதியிருந்தாய். ஏப்ரல் மாதம், மத்தியானம். என்ன குளிர்?

ரத்தமும் சிறுநீரும் கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அத்தையிடம் சொல், வெறும் தண்ணீர் என்று நான் சொன்னது தப்பு. அதைச் சொல்வதற்கு நானே வரவேண்டும். இப்போதைக்கு நீ சொல்.

மாமா

*

மே 2

மாமாவுக்கு,

அம்மாகிட்ட சொன்னேன். முந்தானையில மூக்கைத் துடைச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் எனக்குத் தண்ணியை கையில குடுத்தாங்க. அதுக்கு உங்களுக்கு நன்றி. அவ்வளவுதான் நன்றி.

மத்ததுக்கு வரேன். உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை பயமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை கோபம் வந்துச்சு. "போனவங்களைச் சோதிக்க முடியாது, இருக்குறவங்களைச் சோதிக்கலாம்." அக்கா ஏன் செத்தான்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்கு என் ரத்தம் வேணும். அதானே? நான் என்ன, அக்காவோட மாதிரியா? கடையில துணி வாங்குறப்ப ஓரத்துல கொஞ்சம் வெட்டிக் குடுப்பாங்களே, அது மாதிரியா?

எனக்கு ஒண்ணும் இல்ல. கிரேன்ல உக்காருற எல்லாருக்கும் கை மரக்கும். காலையில அறுபது மீட்டர் ஏணியில ஏறினா மதியம் வரைக்கும் லீவரைப் பிடிச்சபடியே உக்காரணும். மேல பாத்ரூம் கிடையாது. அதனால தண்ணி குடிக்குறதில்ல. தாகம் எடுத்தா எடுக்கட்டும். ஆம்பளைங்க பாட்டிலை வெச்சுச் சமாளிப்பாங்க, நான் என்ன பண்ண?

ஆமா, பையில உப்புப் பொட்டலம் இருக்கு. கொடி அண்ணன்தான் சொல்வார். அவர் கீழ நின்னு கொடியும் வாக்கி-டாக்கியுமா எனக்குச் சிக்னல் குடுக்குற ஆளு. "ஏம்மா, கிரேனுக்கும் ரெண்டு கல்லு போடு, கரகரங்குது"ன்னு. இந்த சைட்டுல டவர்ல ஏறுன முதல் பொம்பளை நான்தான். ஏறுன முதல் நாள், கீழ நின்ன அத்தனை பேரும் எப்ப இறங்கி ஓடுவேன்னு பாத்துட்டு நின்னாங்க. இப்ப என் கையிலதான் பதினெட்டு மாடி மேல ஏறுது.

ஜூலையில லைசென்ஸ் புதுப்பிக்கணும். உடல் தகுதி சர்டிபிகேட் வேணும். உங்க டாக்டர் காகிதத்துல ஒரு வரி எழுதினா போதும், என்னைக் கீழ இறக்கிடுவாங்க. அப்புறம் வீட்டை யார் பாக்குறது? நீங்களா? போனைக்கூட எடுக்க மாட்டீங்க.

சோதிச்சுக்க மாட்டேன்.

*

மே 7

சின்ன எலிக்கு,

நீ கேட்டது நியாயம். அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியவேண்டும். தெரியாமல் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்துவிடுகிறேன், எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை. உன் ரத்தம் அதற்கும்தான். பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் பொய்யில்லை. ஒரே வீட்டிலிருந்து இன்னொரு தடவை எனக்கு ஒரு செய்தி வந்தால், அதைக் கேட்க நான் இருக்கமாட்டேன்.

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பம்பு ஹாலுக்குள் போனேன் என்று ஷிப்ட் தலைவர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அடுத்த நாளும் கொண்டுபோனேன். "போனை வெச்சுட்டு வா, இல்லாட்டி உள்ள வராத" என்றார். உள்ளே போவதில்லை. பத்து வருஷம் பம்பு பார்த்தவன் இப்போது வாசலுக்கு வெளியே லேபில் பாட்டில் கழுவுகிறேன். பரவாயில்லை. போன் பக்கத்தில் இருக்கிறது.

நீ ஏறும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ. அதில் உப்புப் போட்டுக்கொள். பாத்ரூமுக்கு இறங்கவேண்டுமானால் இறங்கு, கட்டடம் காத்திருக்கட்டும். வாந்தி வந்தால், போக்கு வந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே.

இதைத் தவிர எனக்கு உன்னிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

மாமா

*

மே 19

மாமாவுக்கு,

ஒண்ணும் ஆகல. முதல்ல அதைச் சொல்லிடுறேன், இல்லாட்டி நீங்க பாதி கடிதத்துலயே எழுந்து நடக்க ஆரம்பிச்சிடுவீங்க.

வியாழக்கிழமை கம்பிக் கட்டு ஒண்ணைத் தூக்கித் திருப்பிட்டிருந்தேன். இடது கை லீவர்தான் கிரேனைச் சுத்தும். கையை எடுத்தா லீவர் தானா நடுவுக்கு வந்துடும், கிரேனும் நின்னுடும். ஆபத்து வந்தா கையை எடுன்னுதான் எங்களுக்குப் பழக்கியிருக்காங்க. கையை எடுக்க முடியாட்டி என்ன பண்றதுன்னு யாரும் சொல்லிக்குடுக்கல.

விரல் எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. கட்டைவிரல் உள்ள மடங்கிடுச்சு. லீவரைச் சுத்திப் பூட்டுப் போட்ட மாதிரி. என் கை, ஆனா எனக்குக் கீழ்ப்படியல. கிரேன் சுத்துது. கம்பிக் கட்டு தகரக் கொட்டாய்ப் பக்கமா போகுது. உள்ள வெல்டர் ஆளுங்க. கொடி அண்ணன், "போதும், போதும்மா, நிறுத்து, தூங்கிட்டியா?"ங்குறார். வலது முழங்கையால சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். நின்னுச்சு. கம்பி ரெண்டு தடவை ஊஞ்சல் ஆடி கொட்டாய்க்கு முன்னாடி தொங்கிட்டு நின்னுச்சு.

நான் மேலயே உக்காந்துட்டேன். விரல் தானா விரிஞ்சதுக்கு அப்புறம்தான் இறங்கினேன். எல்லார்கிட்டயும் லீவர் சிக்கிடுச்சுன்னு சொன்னேன். கொடி அண்ணன் மட்டும் என் கையையே பாத்தார். "லீவரா, நீயா?"ன்னு கேட்டார். நான் கையைப் பின்னாடி மறைச்சேன். "உனக்கு ஒண்ணுன்னா உனக்கு. கம்பி விழுந்தா எனக்கும் சேத்துத்தான். யோசிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்தார்.

மறுநாள் ரத்தம் குடுத்தேன். சிறுநீரும் குடுத்தேன், ஒரு நாள் முழுக்கப் பிடிச்சு வெச்சுக் குடுக்கணுமாம், பெரிய கேன் ஒண்ணு குடுத்தாங்க. அதை எடுத்துட்டு பஸ்ஸுல போனேன் பாருங்க, அந்தப் பெருமையை அக்கா இருந்தா ஒரு வருஷம் சொல்லிச் சிரிச்சிருப்பா.

உங்களுக்காகக் குடுக்கல. கொட்டாய்க்குள்ள இருந்த ஆளுங்களுக்காகக் குடுத்தேன்.

முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் லீவு போட்டிருக்கேன். அந்தக் கதவு எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியுற மாதிரி எழுதுங்க. டாக்டர் சொன்னார், பாதி புரியல, மீதி பாதிக்குப் பயந்துட்டேன். நீங்க எழுதினா ஆத்திரமாவது வரும்.

*

மே 23

சின்ன எலிக்கு,

மூன்று இடத்தில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன். லேபில் ஆரம்பித்தேன், வாய்க்கால் கரையில் தொடர்ந்தேன், இப்போது பஸ் நிறுத்தத்தில். எந்த பஸ்ஸுக்கும் காத்திருக்கவில்லை.

ஒரு செல்லை நினைத்துக்கொள். பின்பக்கம் ரத்தம், முன்பக்கம் குழாய். பின்பக்கச் சுவரில் ஒரு பம்பு. அது நிற்காமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். உடம்பு சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கிற சக்தியில் பெரிய பங்கு இந்தப் பம்புக்கே போகிறதாம். படித்தபோது, நமக்குச் சம்பந்தப்பட்டவன்தான் என்று நினைத்தேன். பம்பு தள்ளிக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. அதனால் முன்பக்கத்தில் ஒரு வழி கிடைத்தால் சோடியம் உள்ளே பாயத் தயாராக நிற்கும். பம்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான். கதவுகள்தான் இடத்துக்கு இடம் வேறு.

குடலில், சோடியம் சர்க்கரையோடு வரவேண்டும். சிறுநீரகத்தில் நீளமான குழாய். தினமும் ஏறத்தாழ நூற்றெண்பது லிட்டரை வடிகட்டி உள்ளே விடுகிறது, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே அனுப்பி மற்றதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வழியெங்கும் வெவ்வேறு கதவுகள். கிட்டத்தட்ட கடைசியில் ஒன்று, ஒரு சோடியமும் ஒரு குளோரைடும் கைகோர்த்து வந்தால் திறப்பது. சாப்பாட்டு உப்பின் இரண்டு பாதிகள். நூறில் ஐந்து, மிஞ்சினால் பத்து பங்கைத்தான் அது மீட்கிறது. சின்னக் கதவு. அதுதான் உன் அக்காவுக்குச் சரியாகத் திறக்கவில்லை என்று நினைக்கிறோம்.

மீட்காத உப்பு கீழே போகிறது. உடம்பு பதறுகிறது. அதற்கும் கீழே ஒரு கடைசி வாசல் இருக்கிறது, அங்கே சோடியத்தைப் பிடித்து இழுக்கும், ஆனால் சோடியம் உள்ளே வந்தால் பொட்டாசியம் வெளியே போகும். அப்படி உப்பைப் பிடிக்கப் பிடிக்கப் பொட்டாசியம் கரைகிறது. மெக்னீசியமும் கரைகிறது. தசை இழுப்பது அதனால். இதயமும் ஒரு தசைதான்.

முட்டாள்தனமான உடம்பு இல்லை அது. இருபத்தொன்பது வருஷம் இராப்பகலாகக் கசிவைச் சமாளித்த உடம்பு. உப்பு வேண்டும், உப்பு வேண்டும் என்று நாக்கில் வந்து கேட்ட உடம்பு. நாம் அதற்கு எலி என்று பெயர் வைத்தோம்.

நான் சம்பளம் வாங்குவது உப்பை விரட்டுவதற்கு. கடலை அழுத்தி, ஜவ்வு வழியாகத் தள்ளி, உப்பைப் பிரித்துத் திரும்பக் கடலில் விடுகிறோம். எத்தனையோ டன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் போய்க்கொண்டிருக்கிறது.

உன் முடிவு வந்ததா? இந்தக் கடிதம் போய், உன் பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை. போன் செய். இந்தத் தடவை எடுப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

மாமா

*

ஜூன் 2

மாமாவுக்கு,

ரெண்டு தடவை அடிச்சேன். எடுக்கல. பரவாயில்ல, எனக்குப் பழகிடுச்சு.

இருக்கு.

பொட்டாசியம் ரெண்டு புள்ளி ஆறு. மெக்னீசியமும் கம்மி. சிறுநீர்ல கால்சியம் இல்லவே இல்லங்குற அளவுக்கு இருக்காம், அதுதான் இந்த நோயோட கையெழுத்துன்னு டாக்டர் சொன்னார். பரம்பரைச் சோதனைக்கும் அனுப்பியிருக்காங்க, அது வர மாசக்கணக்காகும், ஆனா அவருக்குச் சந்தேகம் இல்ல. அக்காவுக்கும் இதேதான் இருந்திருக்கும்னு சொன்னார். உங்களுக்கு வேணும்னு கேட்டீங்களே, இந்தாங்க.

ஆஸ்பத்திரியில மூணு நாள் படுக்க வெச்சுப் பொட்டாசியம் ஏத்தினாங்க. இப்ப மாத்திரை. மாத்திரையா அது, கூழாங்கல். ஒரு வேளைக்கு மூணு. மெக்னீசியம் குடுத்த புண்ணியத்துல பாத்ரூமே கதின்னு கிடக்குறேன், அதை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டலாம்னு சொல்லியிருக்கார். உப்பு இஷ்டத்துக்குச் சாப்பிடலாமாம். டாக்டரே சொல்லிட்டார். அம்மா அதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து, பீரோவுக்கு மேல ஒளிச்சு வெச்சிருந்த உப்பு டப்பாவை இறக்கினாங்க. சாப்பாட்டு மேசை நடுவுல வெச்சாங்க. அப்புறம் அது முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. "இருபத்தஞ்சு வருஷம் ஒளிச்சிருக்கேன்டி"ன்னு மட்டும் சொன்னாங்க.

சைட்டுல உண்மையைச் சொல்லிட்டேன். கொடி அண்ணன் கூட வந்து நின்னார். ரெண்டு மாசம் டவர் கிடையாது. பொட்டாசியம் ஏறி நின்னா, டாக்டர் எழுதிக் குடுத்தா, பாக்கலாம்னு இன்ஜினியர் சொல்லியிருக்கார். ஏறலாம்னும் சொல்லல, ஏறக் கூடாதுன்னும் சொல்லல. அதுவரைக்கும் தரையில கொடி காட்டுற வேலை. என் கிரேன்ல வேற ஒருத்தர் உக்காந்திருக்கார், திருப்புறப்ப உலுக்குறார், பாக்கச் சகிக்கல. கொடி அண்ணன், "இப்பத் தெரியுதா, கீழ நின்னு கத்துறவன் கஷ்டம்"ங்குறார்.

அழுதேன். ஒரு நாள்தான்.

இப்ப சொல்லாம வெச்சிருந்ததைச் சொல்லிடுறேன். கோபத்துல வெச்சிருந்தேன், அப்புறம் பயத்துல வெச்சிருந்தேன்.

ஆட்டோவுல அக்கா என் மடியில படுத்திருந்தா. கை ரெண்டும் இழுத்துப் பிடிச்சிருந்துச்சு, நான் நீவி விட்டுட்டே இருந்தேன். நல்ல நினைவோடதான் இருந்தா. "உங்க மாமாவுக்குப் போன் பண்ணு"ன்னா. பண்ணினேன். நீங்க எடுக்கல. "வேலையில இருப்பார்டி, காதுல மூடி போட்டிருப்பார், திட்டாத"ன்னு சொன்னா. அப்புறம் சிரிச்சா. "எடுத்தார்னா சொல்லு, பெரிய எலி உப்பு கேக்குதுன்னு சொல்லு. வரும்போது வாங்கிட்டு வரட்டும்."

அவ்வளவுதான் மாமா. நீங்க பெருசா ஏதோ நினைச்சிருப்பீங்க. அதான் சொல்லப் பயந்தேன்.

திட்டாதன்னு அவ சொன்னதை நான் கேக்கல. வராந்தாவுல உங்க சட்டையைப் பிடிச்சேன்.

இன்னொரு விஷயம். உங்க ஆலை கன்ட்ரோல் ரூம் நம்பரைத் தேடிப் பிடிச்சுட்டேன். போன் பண்ணினேன். எடுத்தவர்கிட்ட உங்களைப் பத்திக் கேட்டேன். "யாரு, போனை நெஞ்சுல வெச்சுட்டு வாசல்ல பாட்டில் கழுவுறாரே, அவரா?"ன்னார். நல்ல பேர்தான் எடுத்திருக்கீங்க. அவசரம்னா ஆளை அனுப்பி உள்ள இருந்து கூப்பிட முடியுமான்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் ஆகும்னார். அந்த நம்பரை அம்மாவுக்கும், கொடி அண்ணனுக்கும், ஆஸ்பத்திரிக்கும் குடுத்திருக்கேன். என் பையில இருக்குற அட்டையிலயும் எழுதியிருக்கேன், நோய் பேருக்குக் கீழ. ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஏதாவது ஆச்சுன்னா, உங்களுக்குத் தெரியாம ஆகாது.

அம்மா கேக்கச் சொன்னாங்க, எப்ப வரீங்கன்னு.

சின்ன எலி

*

ஜூன் 8

சின்ன எலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நடக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் சொன்னது என் போனுக்கு வந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. சிரித்திருப்பேன். சாகப் போகிறவள் இப்படிப் பேசமாட்டாள், ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பேன். வரும் வழியில் ஒரு பொட்டலம் கல் உப்பு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அது போதுமாக இருந்திருக்காது என்று எனக்கு இப்போது தெரியும், ஏன் போதாது என்று குழாய் குழாயாகத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கையில் வைத்திருப்பேன்.

நீ என் சட்டையைப் பிடித்தது சரிதான். யாராவது பிடித்திருக்க வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு, வெறும் வயிற்றில் போடாதே. கிரேனில் திரும்ப ஏறும் நாளை எனக்கு எழுது. ஏற விடாவிட்டாலும் எழுது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அத்தை கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டும். அதற்குத்தான் வருகிறேன் என்று சொல்லிவிடு, வேறு எதுவும் செய்யவேண்டாம்.

காலையில் ஷிப்ட் தலைவரிடம் போனேன். "என்ன, பாட்டிலெல்லாம் சுத்தமாயிடுச்சா?" என்றார். ஆமாம், பம்புக்குத் திரும்புகிறேன் என்றேன். கன்ட்ரோல் ரூமில் போய் நின்று, என்னைத் தேடி அழைப்பு வந்தால் யார் உள்ளே வந்து சொல்வது என்று கேட்டுக்கொண்டேன். உன்னிடம் பேசியவர் கையைத் தூக்கினார். வரும் வழியை ஒரு முறை நடந்து பார்க்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே நடந்தார். அவர் சொன்ன இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பம்பு ஹால் வாசலில் நின்று இதை முடிக்கிறேன். காதுமூடி கழுத்தில் தொங்குகிறது. உள்ளேயிருந்து சத்தம் தரை வழியாகக் காலுக்கு ஏறுகிறது. அலமாரியில் அதே அறைதான், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில். போனை அணைத்து அங்கே வைத்துவிட்டேன்.

மாமா